அடுத்த பருவத்தின் தொடக்க ஐவரை விவாதித்துத் தெரிவு செய்வது எப்படி: மலையகக் கல்லூரி அணிகளுக்கான கூடைப்பந்தாட்டக் குறிப்புகள்

பருவத்தின் கடைசிப் போட்டி முடிந்த மறுநாளே, அடுத்த ஆண்டு முதல் விசிலுக்குக் களத்தில் நிற்கப்போகும் ஐவர் யார் என்ற பேச்சு மைதானத்து மதிலோரத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் ஆரம்பித்துவிடுகிறது. பெரும்பாலும் அந்தப் பேச்சு, அணியில் நன்றாக ஆடும் ஐந்து பேரின் பெயர்களை அடுக்குவதோடு நின்றுவிடும். பழைய மாணவன் என்ற உறவில் பல ஆண்டுகளாக இத்தகைய கூட்டங்களின் ஓரத்தில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: முதற் கால்பகுதியில் செய்து முடிக்க வேண்டிய ஐந்து வேலைகளை யார் யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டு விவாதத்தைத் தொடங்கினால், பாதிச் சண்டைகள் எழாமலே போய்விடும்.

விதி என்ன சொல்கிறது என்பதையும் முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதிகளின்படி அணிப் பட்டியலில் 12 பேர் வரை இடம்பெறலாம். களத்தில் ஐவர் ஆடுவர். தலா 10 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள் உண்டு. ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆகவே ஒரு போட்டியில் பயிற்றுவிப்பாளர் பகிர்ந்துகொடுக்க வேண்டியது மொத்தம் 200 ஆள்-நிமிடங்கள். தொடக்க ஐவராக இருப்பவர்களுக்கு இந்த 200 நிமிடங்களில் கூடுதல் பங்கு கிடைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. போட்டி ஏற்பாட்டாளர்கள் நேரத்தைக் குறைத்திருந்தால் கணக்கையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

யார் இருப்பார்கள் என்பது முதற் கேள்வி

பாடசாலை அணியைப் பொறுத்தவரை அடுத்த பருவம் என்பது பாதி புதிய அணி. மலையகத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைகளிலிருந்து கெட்டிக்கார மாணவர்கள் வேறு நகரத்துப் பாடசாலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டுச் சூழ்நிலையால் சிலர் கொழும்புக்கு வேலைக்குச் செல்கிறார்கள். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்ட ஐவர் பட்டியல் முதலாந் தவணைக்குள்ளேயே பழசாகிவிடுகிறது.

எனவே விவாதத்துக்கு முன்பே பொறுப்பாசிரியர் ஒரு பக்கத்தில் எல்லா ஆட்டக்காரர்களின் பிறந்த திகதி, வகுப்பு, எழுதவுள்ள பரீட்சை, வீடு இருக்கும் தோட்டம், அங்கே போகும் கடைசி பஸ்ஸின் நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். வயதுப் பிரிவின் எல்லைத் திகதியைப் பழைய ஞாபகத்தில் எழுதாமல் அந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பார்த்தே எழுத வேண்டும். சில நாள் வித்தியாசத்தில் ஒரு முழு ஆட்டக்காரரை இழந்து, அதைப் போட்டிப் பதிவின் போதுதான் அறிந்துகொண்ட அணியை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிச்சயம், சந்தேகம், இல்லை என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கும் மாணவரிடம் நீங்களாக ஊகித்துக்கொள்ளாமல் நேரில் கேளுங்கள், வீட்டாரிடமும் கேளுங்கள்.

கடைசி பஸ் பற்றி எழுதச் சொன்னது பலருக்கு அற்பமாகத் தோன்றலாம். பயிற்சி ஐந்தரை மணிக்கு முடிய, ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் மூன்று கிலோமீற்றர் மலைப்பாதையில் இருட்டில் நடக்க வேண்டிய பிள்ளை, பயிற்சியின் கடைசி இருபது நிமிடங்களில் எப்போதும் இருக்கமாட்டார். ஆனால் பெரும்பாலான அணிகள் ஐவருக்கு எதிர் ஐவர் ஆடிப்பார்ப்பது அந்தக் கடைசி இருபது நிமிடங்களில்தான். கூட்டத்தில் "அவன் பயிற்சியை முழுசாகச் செய்வதில்லை" என்று அவர்மீது குற்றம் சொல்லப்படும்போது, அது சோம்பலா பஸ்ஸா என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடும். தீர்வும் எளிது: ஐவர் ஆட்டத்தைப் பயிற்சியின் முற்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். பெண்கள் அணிகளுக்கு இது இன்னும் அவசியம்.

குறிப்பேட்டில் என்ன இருக்க வேண்டும்

ஞாபகத்தை நம்பி நடக்கும் விவாதத்தில் கடைசியாக ஆடிய போட்டியும், மிகச் சத்தமாகக் கைதட்டல் வாங்கிய கூடையும் மட்டுமே பேசும். ஆகவே கடந்த பருவத்தின் புள்ளித்தாள்களை எடுத்து வையுங்கள். புள்ளித்தாளில் யார் எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை ஃபௌல் செய்தார் என்பது இருக்கும்; எத்தனை தடவை எறிந்து தவறவிட்டார், எத்தனை தடவை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார் என்பது இருக்காது. இவற்றை ஒரு மேலதிக மாணவர் கொப்பியில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வரலாம். காயத்தால் ஆட முடியாத ஆட்டக்காரரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவருக்கும் அணியோடு இருந்த மாதிரி இருக்கும்.

எறிதலைக் கணக்கிடும்போது ஒரு சிறு நுணுக்கம் உண்டு. 6.75 மீற்றர் கோட்டுக்கு வெளியிலிருந்து விழும் பந்துக்கு மூன்று புள்ளி என்பதால், உள்ளே போன பந்துகளின் எண்ணிக்கையோடு மூன்று புள்ளிக் கூடைகளின் எண்ணிக்கையில் பாதியைக் கூட்டி, பிறகு மொத்த எறிதல்களால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 7ஆம் இலக்கக்காரர் 40 தடவை எறிந்து 16 இரண்டு புள்ளிக் கூடைகள் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பயன் 40 வீதம். 11ஆம் இலக்கக்காரர் அதே 40 எறிதல்களில் 14 மட்டுமே போட்டார், ஆனால் அவற்றில் ஆறு மூன்று புள்ளிகள்; 14உடன் மூன்றைக் கூட்டி 40ஆல் வகுத்தால் 42.5 வீதம். கண்ணுக்கு 7ஆம் இலக்கமே குறி தவறாதவராகத் தெரிந்தாலும், ஒவ்வோர் எறிதலுக்கும் அணிக்குக் கூடுதலாகக் கொடுத்தவர் 11. அதற்காக இந்த ஓர் எண்ணை வைத்தே தீர்ப்பு எழுதவும் கூடாது. ஒரு பாடசாலைப் பருவத்தில் கிடைக்கும் போட்டிகள் சில மட்டுமே. ஒரு கைராசியான மத்தியானம் அந்த எண்ணைத் தூக்கிவிடும்.

நான் அதிகம் மதிக்கும் எண் வேறொன்று. பயிற்சியில் எட்டு நிமிட ஆட்டங்களாக ஐவரை மாற்றி மாற்றி இறக்கி, ஒவ்வோர் எட்டு நிமிடத்தின் முடிவிலும் எந்த ஐவர் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் அல்லது தோற்றார்கள் என்று மட்டும் எழுதுங்கள். மூன்று வாரங்களில் ஒரு விசித்திரம் வெளிவரும்: தனியாகப் பார்த்தால் கண்ணில் படாத ஒருவர் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் வெல்லும். அவர் அநேகமாக நேரத்துக்குப் பாஸ் கொடுப்பவராக, அல்லது தற்காப்பில் சக ஆட்டக்காரரை வாய்விட்டு எச்சரிப்பவராக இருப்பார்.

இந்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்பதை வானம் தீர்மானிக்கிறது. நம் பாடசாலைகளில் பலவற்றுக்குத் திறந்தவெளிச் சீமெந்துத் தளமே உண்டு. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கத்துக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. நனைந்த தளத்தில் எல்லோரும் மெதுவாகவே ஓடுவார்கள் என்பதால் வேகமானவருக்கும் மந்தமானவருக்கும் வித்தியாசம் தெரியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலைக் குளிரில் பந்தினுள் காற்றழுத்தம் குறைந்து துள்ளல் மந்தமாகும், விரல்களும் விறைத்திருக்கும். அந்த நேரத்து எறிதல் கணக்கை வைத்து ஒருவரையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஐந்து இடங்கள், ஐந்து வேலைகள்

வெளியே நின்று பந்தை நகர்த்தும் பொயின்ட் கார்ட், ஷூட்டிங் கார்ட், முன்னே ஆடும் ஸ்மோல் ஃபோர்வர்ட், பவர் ஃபோர்வர்ட், ரிங்கின் அருகே நிற்கும் சென்டர் என்று ஐந்து இடங்களுக்கும் உள்ள பெயர்கள் ஆடுபவர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர்களை நிரப்பப் போவதால்தான், உயரமான பையன் என்றதும் யோசிக்காமல் சென்டர் என்று எழுதிவிடுகிறோம். பெயர்களை ஒதுக்கிவைத்து வேலைகளை எழுதுங்கள்: எதிரணி நெருக்கும்போது விதி அனுமதிக்கும் எட்டு செக்கன்களுக்குள் பந்தை அரைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்ல யாரால் முடியும், எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை யார் மறிப்பது, தவறிய எறிதலை ரிங்கின் கீழ் யார் பிடிப்பது, எறிவதற்கு அணிக்குள்ள 24 செக்கன் கடிகாரம் முடியப்போகும்போது பந்து யார் கையில் இருக்க வேண்டும், வெளியே நின்று எறியக்கூடியவர் என்ற பயத்தை எதிரணிக்கு யார் கொடுப்பது. ஒருவரே இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஆனால் ஏதாவது ஒரு வேலைக்கு ஆளில்லாமல் ஐவர் அமைந்தால் அங்கேதான் அணி உடையும்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் அணிகளில் ஆறடிக்கு மேற்பட்டவர் அரிது. இருக்கும் ஒருவரைச் சுற்றியே முழுத் திட்டமும் கட்டப்படுகிறது. நான் உடனிருந்த ஓர் ஆண்டில், ஓடத் தெரியாத ஒரு நெட்டைப் பையனை உயரம் என்ற ஒரே காரணத்துக்காகத் தொடக்கத்தில் இறக்கினோம். முதற் கால்பகுதியிலேயே அவர் மூன்று ஃபௌல் செய்தார். ஐந்தாவது ஃபௌலோடு வெளியேற வேண்டும் என்பதால் அவரை உட்கார வைத்தோம். அவருக்குப் பதில் ஆடப் பழகிய ஒருவரும் அணியில் இல்லை. தவறு அந்தப் பையனுடையது அன்று, பட்டியல் எழுதிய எங்களுடையது. ரிங் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பந்து பெரும்பாலும் அதைவிடக் கீழேதான் பிடிபடுகிறது, முதலில் இடம் பிடித்து எதிராளியை முதுகால் அடைத்து நிற்பவரிடமே வந்து விழுகிறது.

உயரம் குறைந்த ஐவரால் வெல்லலாம் என்பதற்கு மிக உயர்ந்த மட்டத்திலேயே சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் போட்டியான என்.பி.ஏ.யின் இறுதிப் போட்டித் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கிளீவ்லாண்ட் அணியிடம் 2-1 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது போட்டியில் ஏழடி சென்டர் அண்ட்ரூ போகட்டைத் தொடக்கத்திலிருந்து நீக்கி, அதுவரை அந்தப் பருவம் முழுவதும் மாற்று வீரராகவே இறங்கிய அண்ட்ரே இகுவடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார்கள். அந்தப் போட்டி உட்படத் தொடர்ந்து மூன்று போட்டிகளையும் வென்று கிண்ணத்தை எடுத்தார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இகுவடாலாவுக்கே போனது. நம் பிள்ளைகளுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி வேகம்: முழுக்களத்திலும் நெருக்கி ஆடி எதிரணியின் எட்டு செக்கன்களைத் தின்பது, ரீபவுண்ட், அதாவது தவறிய எறிதலின் பந்து, கிடைத்ததும் எதிரணி அணிவகுக்கும் முன்பே ஓடிவிடுவது. மேடும் பள்ளமுமான பாதையில் தினமும் நடந்து வரும் கால்களுக்கு இது பொருந்தும் ஆட்டம். இந்த ஆட்டத்தை ஐந்து பேரால் மட்டும் நாற்பது நிமிடம் ஆட முடியாது என்பதால், இதைத் தெரிவு செய்யும் அணி எட்டு அல்லது ஒன்பது பேரைப் பற்றி விவாதிக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் ஆடப்போகும் அணிக்கு இது இரட்டிப்பு அவசியம். குளிரில் பழகியவர்கள் அங்கே இரண்டாவது கால்பகுதிக்குள் வியர்த்துக் களைத்துவிடுகிறார்கள்.

ஒருவரின் இடத்தை மாற்றிப் பார்க்கவும் தயங்க வேண்டாம். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். 14 வயதில் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார். 800 டெஸ்ட் விக்கெட்டுகள் அதற்குப் பிறகு வந்தவை. விளையாட்டு வேறு என்றாலும், அந்த வயதில் ஒரு பிள்ளையின் இடம் முடிவாகிவிடுவதில்லை என்பது கூடைப்பந்தாட்டத்துக்கும் பொருந்தும். பருவ இடைவேளையில் நான்கு அங்குலம் வளர்ந்து வந்த கார்ட் ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கூட்டத்தை நடத்தும் முறை

இரண்டு கூட்டங்கள் போதும். ஒன்று பருவம் முடிந்த இரண்டு வாரங்களுக்குள், எல்லாம் நினைவில் இருக்கும்போதே. மற்றது அடுத்த பருவத்தின் முதற் போட்டிக்கு ஆறு வாரங்களுக்கு முன். பயிற்றுவிப்பாளர், பொறுப்பாசிரியர், அணித்தலைவர், உபதலைவர், வேண்டுமானால் ஒரு பழைய மாணவர். இதற்கு மேல் ஆள் சேர்த்தால் அது விவாதமாக இராது. பெற்றோரை அழைக்க வேண்டாம்; நன்கொடை கொடுத்தவர்களை நிச்சயமாக அழைக்க வேண்டாம்.

கூட்டத்துக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஐந்து இலக்கங்களையும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வேலையையும் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். பெயருக்குப் பதில் ஜேர்சி இலக்கத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பெயர் சொன்னதும் அவன் அப்பா யார், எந்தத் தோட்டம், எந்த வகுப்பு என்பதெல்லாம் கூடவே வந்து அமர்ந்துவிடும். தாள்களை மேசையில் வைத்தால் அநேகமாக மூன்று இலக்கங்கள் எல்லாத் தாள்களிலும் இருக்கும். அவற்றைப் பற்றி ஒரு நிமிடமும் பேச வேண்டாம். மீதி இரண்டு இடங்களுக்குத்தான் விவாதம்.

அணித்தலைவரை முதலில் பேசவிடுங்கள். நம் பாடசாலைகளில் சேர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் மாணவர் வாய் திறப்பதில்லை. "சரிங்க சேர்" என்பதோடு விவாதம் முடிந்துவிடும். களத்தினுள்ளே யார் யாருக்குப் பாஸ் கொடுக்காமல் தவிர்க்கிறார், யார் தோற்கும்போது தலையைத் தொங்கப் போடுகிறார் என்பது வெளியே நிற்பவரைவிட அணித்தலைவருக்கே நன்றாகத் தெரியும். அவர் தன் கூட்டாளிக்காகப் பேசக்கூடும் என்பதும் உண்மைதான். அதற்குத்தான் குறிப்பேடு பக்கத்தில் இருக்கிறது. "நல்ல பிள்ளை", "கஷ்டப்பட்ட குடும்பம்", "மூன்று வருடமாக வருகிறான்" என்ற வாக்கியங்கள் எல்லாம் இரக்கத்தோடு கேட்கத் தக்கவை, ஆனால் இந்த மேசைக்கு உரியவை அல்ல. ஒருவரைச் சேர்க்கச் சொல்பவர், எந்தப் போட்டியில், எந்தக் கால்பகுதியில், எந்த வேலையை அவர் செய்தார் என்று சொல்ல வேண்டும். அவரைச் சேர்த்தால் வெளியே போகிறவர் யார் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை கூட்டத்தின் நீளத்தைப் பாதியாக்கிவிடும்.

இரு பக்கமும் சமமாக நின்றால் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். தோற்ற பக்கம் பருவம் முழுவதும் "அன்றே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்த இரண்டு வாரப் பயிற்சியில் இருவரையும் அதே நான்கு பேரோடு மாறி மாறி ஆடவிட்டு, எட்டு நிமிடக் கணக்கைப் பார்த்துப் பயிற்றுவிப்பாளர் முடிவெடுக்கட்டும். முடிவு அவருடையது என்பதைக் கூட்டத்தின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியே அமர்பவரிடம் பேசுவது

பட்டியல் அறிவித்தற் பலகைக்குப் போகும் முன், இடம் இழந்தவரைத் தனியாக அழைத்துப் பயிற்றுவிப்பாளரே சொல்ல வேண்டும். ஏன் இல்லை என்பதைவிட, எப்போது, எந்த வேலைக்காக இறக்கப்படுவார் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள்: "முதற் கால்பகுதியில் நான்கு நிமிடம் இருக்கும்போது 8ஆம் இலக்கத்துக்குப் பதில் நீ இறங்குவாய், அவர்களுடைய கார்டை நீ மறிக்க வேண்டும்." சன் அன்டோனியோ அணியோடு நான்கு தடவை என்.பி.ஏ. கிண்ணம் வென்ற மனு ஜினோபிலி தன் விளையாட்டு வாழ்வின் பெரும்பகுதியை மாற்று வீரராக இறங்கியே கழித்தார், 2008இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதையும் பெற்றார் என்பதைச் சொல்லலாம். ஆனால் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையை நாலாவது கால்பகுதி வரை உட்கார வைத்தால், அடுத்த முறை எந்த உதாரணமும் எடுபடாது. பெற்றோர் கேட்க வந்தாலும் இதே பதிலைச் சொல்லுங்கள்.

போட்டி நாளன்று

ஆறு வாரத்துக்கு முன் எழுதிய ஐவரைப் பென்சிலால் எழுதியதாகவே கருதுங்கள். விதிப்படி, போட்டி தொடங்கக் குறைந்தது 10 நிமிடங்களுக்கு முன் பயிற்றுவிப்பாளர் புள்ளித்தாளில் பெயர்களை உறுதிசெய்து கையொப்பமிட்டு, தொடங்கும் ஐவரைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை மாற்றிக்கொள்ளலாம். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடங்களுக்குள் ஐந்து பேர் களத்தில் ஆயத்தமாக இல்லாவிட்டால் போட்டியே கைவிட்டுப்போகும் என்பதால், மலையிலிருந்து இறங்கும் வேன் மூடுபனிக்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

இன்னொன்று, எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் காணாதது. கினிகத்தேனை வளைவுகளிலோ கடுகண்ணாவை இறக்கத்திலோ யாராவது ஒருவருக்கு வாந்தி வந்தே தீரும். வேனை விட்டு இறங்கியதும் ஐவரின் முகத்தையும் பாருங்கள். வெறும் வயிற்றோடு வந்தவர் யார் என்று கேளுங்கள். முகம் வெளிறியிருப்பவருக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து இரண்டாவது கால்பகுதிக்கு வைத்துக்கொண்டு, அவருடைய வேலையை ஏற்கெனவே பழகியிருக்கும் ஆறாவது ஆளின் இலக்கத்தைப் புள்ளித்தாளில் குறித்துக் கொடுங்கள்.